செயற்கை நுண்ணறிவு: முதற்பாடத்தில் கற்பது யாது?

கணிப்பொறி தானே சிந்திக்கிறது, தானே எழுதுகிறது, தானே நோய் கண்டறிகிறது என்னும் செய்திகள் நாள்தோறும் நம் செவியில் விழுந்தவண்ணம் உள்ளன. கேட்போர் சிலர் வியக்கின்றனர், சிலர் அஞ்சுகின்றனர், தம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பை எண்ணிக் கவலைகொள்ளும் பெற்றோரும் பலர் உளர். ஆயின், இத்துறையைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பயிலப் புகும் மாணாக்கனுக்கு உண்மையில் எவை கற்பிக்கப்படுகின்றன என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவுக்கு, கணிதப் பயிற்சி மிகுதியும் இல்லாத தமிழ் மாணாக்கரும் பின்தொடரத்தக்க வகையில் விடைகூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயர் இத்துறைக்கு வாய்த்தது 1950களின் நடுப்பகுதியில்தான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1956ஆம் ஆண்டுக் கோடையில் அறிஞர் சிலர் கூடி ஆய்ந்தனர். அக்கூட்டத்திற்கான முன்மொழிவை 1955இல் எழுதியவர்கள் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியேல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வர். கற்றல் முதலிய அறிவுச் செயல்கள் அனைத்தையும் துல்லியமாக விவரித்துவிட முடியுமாயின், அவற்றை ஒரு பொறியும் செய்து காட்ட இயலும் என்பது அவர்தம் எடுகோள். கூட்டத்தில் கலந்துகொண்ட ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகியோருக்கு இப்பெயர் அத்துணை உவப்பாக இல்லை. 'சிக்கலான தகவல்களைக் கையாளுதல்' என்பது போன்ற அடக்கமான பெயரையே அவர்கள் விரும்பினர். அப்பெயர் நிலைத்திருந்தால் இன்றைய வியப்பிலும் அச்சத்திலும் பாதி குறைந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. அது நிற்க. அவ்வெடுகோளில் 'துல்லியமாக விவரித்தல்' என்னும் தொடரை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும். முதற்பாடத்தின் பெரும்பகுதி அத்தொடருக்கு விரிவுரையே எனலாம்.

உலகெங்கும் இப்பாடத்திற்கு அடிப்படையாக விளங்குவது ஸ்டூவர்ட் ரஸ்ஸல், பீட்டர் நார்விக் என்னும் இருவர் எழுதிய பெருநூல். 1995இல் முதற்பதிப்பும் 2020இல் நான்காம் பதிப்பும் வெளிவந்தன. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் அது பாடநூலாக இடம்பெற்றுள்ளது. அந்நார்விக்கும் செபாஸ்டியன் துருன் என்பாரும் 2011ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இம்முதற்பாடத்தைக் கட்டணமின்றி இணையவழி நடத்தியபோது, ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அவர்களுள் இறுதிவரை பயின்று முடித்தோர் சுமார் 23,000 பேர். எஞ்சியோர் இடையில் நின்றதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பேசும் பொறியைக் காண வந்த இடத்தில் புதிர்க்கணக்குகளையும் நிகழ்தகவையும் கண்டு மலைத்தோரும் அவர்களுள் இருந்திருப்பர்.

வினைமுதல்

இப்பாடத்தில் மாணாக்கன் முதலில் எதிர்கொள்ளும் கலைச்சொல் 'ஏஜென்ட்' என்பது. தன் சூழலை உணர்ந்து, அவ்வுணர்வுக்கேற்ப அச்சூழலில் ஒன்றைச் செய்யும் எப்பொருளும் ஏஜென்ட் ஆகும். தரையைத் தூய்மை செய்யும் பொறியும், சதுரங்கம் ஆடும் நிரலும், ஓட்டுநர் இல்லாத ஊர்தியும் இவ்வகையினவே. இச்சொல்லை 'முகவர்' என மொழிபெயர்ப்போர் உளர். நம் செவிக்கு அது காப்பீட்டு முகவரையே நினைவூட்டுகிறது. நம் இலக்கண நூலார் வழங்கிய 'வினைமுதல்' என்னும் சொல்லே இதற்குச் சாலப் பொருந்தும்.

சொல் மட்டுமன்று, கருத்தும் பொருந்துகிறது. ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகள் எட்டு என்பது தொல்காப்பியர் கொள்கை. தொழில், அதனைச் செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி என்னும் ஆறினைக் கூறி, அவற்றோடு 'இன்னதற்கு', 'இது பயனாக' என்னும் இரண்டினையும் கூட்டி எட்டென்பார் அவர். செயற்கை நுண்ணறிவு வகுப்பிலும் முதற்பயிற்சி இதனை ஒத்ததே. எந்தப் பொறியை எடுத்துக்கொண்டாலும் அதன் பயனை அளக்கும் அளவை, அது இயங்கும் சூழல், அதன் செய்கருவிகள், அதன் உணர்கருவிகள் ஆகிய நான்கையும் எழுதிவிட்டே மேற்செல்ல வேண்டும். தொல்காப்பியர் இறுதியில் வைத்த பயனை இவர்கள் முதலில் வைக்கின்றனர்.

அதற்குக் காரணம் உண்டு. வாடகை ஊர்தியை ஓட்டும் பொறியொன்றை எண்ணிப் பார்க்கலாம். விரைவாகச் செல்ல வேண்டும். பாதுகாப்பாகவும் செல்ல வேண்டும். சாலை விதிகளை மீறலாகாது. பயணிக்குக் குலுக்கல் இருத்தலாகாது. உரிமையாளருக்கு ஊதியமும் கிட்ட வேண்டும். இவை ஒன்றோடொன்று முரண்படுபவை. மனித ஓட்டுநர் இம்முரணைச் சொல்லாமலே தீர்த்துக்கொள்கிறார். பொறிக்கோ எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை எண்ணால் எழுதித் தர வேண்டும். அவ்வெண்ணை எழுதுபவர் மனிதர்.

புலியும் ஆடும் புல்லுக்கட்டும்

அடுத்து வருவது 'தேடல்' என்னும் பகுதி. இதனை விளக்க, நம் பாட்டிமார் சொல்லிய ஆற்றைக் கடக்கும் புதிரே போதுமானது. மேனாட்டு நூல்களில் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என வருவதும் இதுவே. படகோட்டி ஒருவன் புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். படகில் அவனோடு இன்னும் ஒன்றுக்கே இடமுண்டு. அவன் இல்லாத கரையில் புலியும் ஆடும் இருந்தால் ஆடு போகும். ஆடும் புல்லும் இருந்தால் புல் போகும்.

மனிதர் இதனைத் தட்டித் தடவி விடுவிப்பர். கணிப்பொறிக்குத் தருவதாயின் முதலில் 'நிலை' என்பது யாது என வரையறுக்க வேண்டும். படகோட்டி உட்பட நான்கும் இக்கரையிலோ அக்கரையிலோ இருக்கலாம். ஆகவே நிலைகள் 2×2×2×2, அதாவது 16. அவற்றுள் விபத்து நேரும் நிலைகள் 6. எஞ்சும் 10 நிலைகளே ஏற்புடையன. தொடக்கநிலை, அனைத்தும் இக்கரையில். இலக்குநிலை, அனைத்தும் அக்கரையில். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒருமுறை படகைச் செலுத்தி எந்நிலைகளை அடையலாம் என்பதைக் கோடிட்டு இணைத்தால் ஒரு சிறு வரைபடம் கிடைக்கும். தொடக்கத்திலிருந்து ஒரு கடப்பில் அடையத்தக்கவை, இரு கடப்பில் அடையத்தக்கவை என அடுக்கடுக்காக விரித்துக்கொண்டே சென்றால் ஏழாம் கடப்பில் இலக்கு எட்டும். இவ்வாறு அடுக்குவாரியாகத் தேடுதலை 'அகலவழித் தேடல்' என்பர். மிகக் குறைந்த கடப்புகளைக் கொண்ட வழியை இது தவறாது காட்டிவிடும்.

இப்புதிரில் ஆழ்ந்து நோக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. ஆட்டை முதலில் அக்கரை சேர்த்து, மீண்டு வந்து, புலியை ஏற்றிச் செல்கிறான் படகோட்டி. இப்போது அக்கரையில் அவனோடு புலியும் ஆடும் உள்ளன; புல்லுக்கட்டு ஒன்றே பாக்கி. இந்நிலையில் அவன் செய்ய வேண்டியது, சேர்த்த ஆட்டைத் திரும்ப இக்கரைக்கே கொண்டுவருதல்! 'ஒவ்வோர் அடியிலும் அக்கரையிலுள்ள பொருள்கள் மிகுதியாகும்படி நடந்துகொள்' என்று மட்டும் பொறிக்குக் கட்டளையிட்டிருந்தால், அது இவ்விடத்தில் திகைத்து நின்றுவிடும். பார்வைக்குப் பின்னடைவாகத் தோன்றும் அடியே இலக்கை நோக்கிய அடி என்பதை அவ்வளவுகோல் அறியாது. பொறியிடம் குறையில்லை, அளவுகோலில்தான் குறை.

பத்து நிலைகளே உள்ளமையால் இப்புதிர் எளிது. மூன்றுக்கு மூன்று கட்டங்களில் எட்டு ஓடுகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டில் அடையத்தக்க நிலைகள் 1,81,440. நான்குக்கு நான்கு கட்டங்களில் பதினைந்து ஓடுகளாயின், அவ்வெண் பத்து லட்சம் கோடியைத் தாண்டுகிறது. கட்டங்கள் ஏழே கூடின. நிலைகளோ எண்ண மாளாதவை ஆயின. விரைவான கணிப்பொறி வாங்கினால் எல்லாம் தீரும் என்று எண்ணி வந்த மாணாக்கன் இவ்விடத்தில் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறான்.

ருமேனியச் சாலைகள்

எல்லா நிலைகளையும் விரிக்க இயலாதபோது, நம்பிக்கைக்குரிய திசையில் தேடும் மதிப்பீடு ஒன்று தேவைப்படுகிறது. அதனை 'ஹியூரிஸ்டிக்' என்பர். ரஸ்ஸலும் நார்விக்கும் இதற்கு ருமேனிய நாட்டுச் சாலை வரைபடத்தைக் கொண்டு விளக்கம் தருகின்றனர். உலகின் எந்தக் கண்டத்தில் பயின்றாலும் செயற்கை நுண்ணறிவு மாணாக்கர் அனைவரும் அராத் நகரிலிருந்து தலைநகர் புக்கரெஸ்ட்டுக்குச் செல்லும் வழியை அறிவர் என்பது ஒரு சுவையான செய்தி!

அராத்திலிருந்து சிபியூ 140 கிலோமீட்டர். சிபியூவிலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 99 கிலோமீட்டரில் உள்ள ஃபகராஷ். மற்றொன்று 80 கிலோமீட்டரில் உள்ள ரிம்னிக்கு வில்ச்சா. ஃபகராஷிலிருந்து புக்கரெஸ்ட் நேர்க்கோட்டில் 176, ரிம்னிக்குவிலிருந்து 193. அருகில் இருப்பதுபோல் தோன்றும் ஊரையே தேர்ந்தெடுக்கும் பேராசைத் தேடல் ஃபகராஷ் வழியே சென்றுவிடும். ஆனால் அங்கிருந்து சாலைவழித் தொலைவு 211. ஆக மொத்தம் 450 கிலோமீட்டர். ரிம்னிக்குவிலிருந்து 97 கிலோமீட்டரில் பிதெஷ்டி, அங்கிருந்து 101 கிலோமீட்டரில் புக்கரெஸ்ட் எனச் சென்றிருந்தாலோ மொத்தம் 418 மட்டுமே.

இக்குறையைத் தீர்க்கும் முறை 1968இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் ஆகியோரால் வெளியிடப்பட்டது. 'ஏ ஸ்டார்' என்பது அதன் பெயர். இனிச் செல்ல வேண்டிய தொலைவை மட்டும் நோக்காமல், இதுவரை கடந்துவந்த தொலைவையும் அதனோடு கூட்டிப் பார்க்கிறது இம்முறை. ஃபகராஷுக்கு 239உம் 176உம் சேர்ந்து 415. ரிம்னிக்குவுக்கு 220உம் 193உம் சேர்ந்து 413. ஆகவே ரிம்னிக்கு முந்துகிறது. அங்கிருந்து காணும் பிதெஷ்டிக்கு 317உம் 100உம் சேர்ந்து 417. இப்போது 415 சிறியதாகலின் ஃபகராஷையும் ஒருமுறை விரித்துப் பார்க்கிறது; அவ்வழியே புக்கரெஸ்ட் 450 எனத் தெரிகிறது. 417 அதனினும் சிறியது. பிதெஷ்டியை விரித்ததும் 418 கிடைக்கிறது. விடை அதுவே.

இம்முறை தவறாது சிறந்த வழியைத் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மதிப்பீடு உண்மைத் தொலைவை ஒருபோதும் விஞ்சுதலாகாது. எச்சாலையும் நேர்க்கோட்டினும் குறுகியதாக இருக்க இயலாது. எனவே நேர்க்கோட்டுத் தொலைவு இந்நிபந்தனையை நிறைவுசெய்கிறது. இத்தகைய படிமுறைகளை 'அல்காரிதம்' என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன மொழிக்குச் சென்று திரிந்ததே அச்சொல் என்பதை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

எதிராளி உள்ள உலகம்

ஆறும் சாலையும் நம்மை எதிர்த்து நிற்பதில்லை. ஆட்டங்களில் எதிராளி உண்டு. அவன் தனக்கு மிக நன்மையான நகர்வையே செய்வான் எனக் கொண்டு, அந்நிலையிலும் நமக்குக் கிட்டத்தக்க பெரும்பயனைத் தேர்தலே 'மினிமேக்ஸ்' என்னும் முறை. சதுரங்க ஆட்டத்தை இறுதிவரை இவ்வாறு விரித்தல் இயலாது. 1950இல் ஷானன் செய்த மதிப்பீட்டின்படி, நிகழத்தக்க ஆட்டங்களின் எண்ணிக்கை 1ஐ அடுத்து 120 சுழியங்கள் இட்டுப் பெறுவது. எனவே சில நகர்வுகள் வரை விரித்து, அங்குள்ள நிலை எத்துணை நன்று என்பதற்கு ஓர் எண்ணைத் தரும் மதிப்பீட்டுச் சார்பு எழுதப்படுகிறது. 1997ஆம் ஆண்டு மே மாதம் காஸ்பரோவை 3½–2½ என வென்ற 'டீப் புளூ' வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. அதன் மதிப்பீட்டுச் சார்பை வகுப்பதில் சதுரங்க வல்லுநர்களும் பங்குபெற்றனர்.

நம் ஆடுபுலி ஆட்டம் இதற்கு இன்னும் சிறந்த பயிற்சி. பரவலாக ஆடப்படும் வகையில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. இரு தரப்பாரின் நோக்கமும் வேறு. புலியாடுவோனுக்கு வெட்டிய ஆடுகளை எண்ணினால் ஓரளவு போதும். ஆடாடுவோனுக்கோ புலிகள் நகர எஞ்சியுள்ள வழிகளை எண்ண வேண்டும். ஓர் ஆட்டை வேண்டுமென்றே இழந்து புலியை மூலைக்கு இழுக்கும் தந்திரத்துக்கு எவ்வாறு மதிப்பிடுவது? மாணாக்கர் முயன்று பார்க்கலாம்.

ஐயமும் நிகழ்தகவும்

இதுவரை கூறிய உலகங்களில் எல்லாம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தன. மருத்துவம் அத்தகையதன்று. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கிய 'மைசின்' என்னும் நிரல், இரத்தத்தில் பரவும் நுண்ணுயிர்த் தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைத்தது. மருத்துவ வல்லுநர்களிடம் கேட்டுத் தொகுத்த சில நூறு விதிகளே அதன் அறிவு. அது மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரவில்லை எனினும், வல்லுநர் அறிவைப் பொறியில் ஏற்றும் துறை அதனால் வளர்ந்தது. அத்துறையின் முன்னோடியான எட்வர்டு ஃபைகன்பாமுடன் 1994ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றவர் அவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

ஐயத்தைக் கணக்கிட இப்பாடம் கற்பிப்பது, 1763இல், அதனை எழுதிய தாமஸ் பேயஸ் மறைந்தபின் வெளியான ஒரு தேற்றம். எடுத்துக்காட்டாக, நூற்றில் ஒருவருக்கு உள்ள ஒரு நோயைக் கண்டறியும் சோதனை, நோயுள்ளோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் காட்டுகிறது. நோயற்றோருள் நூற்றுக்கு ஐவரைத் தவறாக நோயாளர் எனக் காட்டுகிறது எனக் கொள்வோம். ஒருவருக்குச் சோதனையில் 'உண்டு' என வந்துவிட்டது. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? தொண்ணூறு விழுக்காடு என்பார் பலர். 10,000 பேரை வைத்துக் கணக்கிடுவோம். நோயாளர் 100 பேர். அவர்களுள் 90 பேருக்கு 'உண்டு'. நோயற்றோர் 9,900 பேர். அவர்களுள் 495 பேருக்கும் 'உண்டு'. ஆக 585 பேருள் உண்மை நோயாளர் 90 பேர் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 15 விழுக்காடு. நோய் அரிது என்னும் முன்னறிவைப் புறக்கணித்ததால் வந்த வேறுபாடு இது. செயற்கை நுண்ணறிவு பயிலாதவரும் இவ்வொரு கணக்கைக் கற்றுக்கொள்ளுதல் நலம்; மருத்துவச் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உறங்காதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல.

கற்கும் பொறி

விதிகளை எல்லாம் மனிதரே எழுதித் தருதல் இயலாது எனத் தெளிந்தபோது, எடுத்துக்காட்டுகளிலிருந்து பொறியே கற்றுக்கொள்ளும் முறை முதன்மை பெற்றது. இதன் வரலாறு மேடுபள்ளம் நிறைந்தது. 1958இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் 'பெர்செப்ட்ரான்' என்னும் கற்கும் அமைப்பை வெளியிட்டார். 1969இல் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும், ஒற்றை அடுக்குடைய பெர்செப்ட்ரானால் 'இரண்டில் ஒன்று மட்டும் மெய்யாயின் மெய்' என்னும் எளிய தொடர்பையும் கற்க இயலாது எனக் காட்டினர். ஆர்வம் தணிந்தது. 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் பல அடுக்கு வலைகளைப் பயிற்றும் முறையைப் பரவச் செய்தனர். 2012இல் ஹின்டனும் அவர்தம் மாணவர் இருவரும் உருவாக்கிய வலை, படங்களை இனங்காணும் போட்டியில் பிறரை வெகுதொலைவு முந்தியது. 2024ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் கிட்டியதை வாசகர் அறிவர்.

வரலாற்றினும் முதன்மையானது இப்பகுதியின் ஒழுங்குமுறை. பொறிக்குக் கற்பிக்கப் பயன்படுத்திய எடுத்துக்காட்டுகளைக் கொண்டே அதனைச் சோதித்தல் கூடாது. வினா-விடைக் கையேட்டை எழுத்துப் பிசகாமல் மனனம் செய்த மாணாக்கனிடம் அக்கையேட்டு வினாக்களையே கேட்டால் நூற்றுக்கு நூறு பெறுவான். வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் விழிப்பான். பொறியும் அவ்வாறே மனனம் செய்யும். எனவே, தரவில் ஒரு பகுதியை ஒளித்துவைத்து, இறுதியில் அதனைக்கொண்டு தேர்வு நடத்துவர். எந்நிறுவனம் தன் பொறிக்கு 'இத்தனை விழுக்காடு துல்லியம்' என்று விளம்பரம் செய்தாலும், எத்தரவில் சோதித்தீர் என முதலில் கேட்கும் பழக்கம் இப்பாடத்தால் வந்துவிடுகிறது.

அடுத்த வினா, எதனைப் பயன் எனக் கொண்டீர் என்பது. 2016இல் 'ஓப்பன் ஏஐ' நிறுவனத்தார் படகுப் பந்தய விளையாட்டொன்றில் ஒரு பொறியைப் பயிற்றினர். பந்தயத்தை முடித்தல் மனிதரின் நோக்கம். பொறிக்குத் தந்த அளவையோ வழியிலுள்ள இலக்குகளை இடித்துப் பெறும் புள்ளிகள். பொறி பந்தயப் பாதையை விட்டு விலகி, மீண்டும் மீண்டும் முளைக்கும் மூன்று இலக்குகளைச் சுற்றிச் சுற்றி இடித்தது. பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஆயினும் மனித ஆட்டக்காரரினும் மிகுதியான புள்ளிகள் பெற்றது.

விளையாட்டில் இது நகைப்புக்குரியது. வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் நிகழ்ந்தால் நகைக்க இயலாது. அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க உருவாக்கிய நிரல், முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களிலிருந்து கற்றது. அவற்றுள் பெரும்பாலானவை ஆடவர் அனுப்பியவை. விளைவாக, மகளிர் தொடர்பான சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களை அது கீழே தள்ளியது. நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயரையும் ஊரையும் பயின்ற கல்லூரியையும் கொண்டு மனிதரை எடைபோடும் வழக்கம் பழைய தரவில் இருந்தால், பொறி அதனையும் கற்கும். 'யாருக்கு', 'என்ன பயன்' என்னும் இரு முதனிலைகளையும் பொறி தானாக வருவித்துக்கொள்வதில்லை.

மொழியும் நம் மாணாக்கரும்

பாடத்தின் இறுதி வாரங்கள் மொழிக்கு உரியன. 1966இல் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய 'எலைசா', பேசுவோரின் சொற்களையே திருப்பிப் போட்டு வினாவாக்கிய சிறு நிரல்; அதனைப் புரிந்துணர்வுடைய உரையாடல் என நம்பியோர் உண்டு. 2022 நவம்பரில் வெளியான 'சாட்ஜிபிடி' முதலியவற்றின் இயக்கம் வேறு. பெருந்திரளான எழுத்துகளைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல்துண்டு யாது என நிகழ்தகவால் கணித்துக்கொண்டே செல்பவை அவை.

'சொல்துண்டு' என்பதே தமிழ் மாணாக்கர் நின்று நோக்க வேண்டிய இடம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். அதனுள் வா, கொள், இரு என்னும் வினைகளும், காலம் காட்டும் உறுப்பும், பலர்பாலும், நான்காம் வேற்றுமை உருபும், உம்மையும் அடங்கியுள்ளன என்பதைப் பகுபத இலக்கணம் பயின்ற இளங்கலை மாணாக்கன் பிரித்துக் காட்டுவான். பொறியோ அவ்வாறு பிரிப்பதில்லை. எழுத்துத் தொடர்கள் எத்துணை முறை சேர்ந்து வருகின்றன என்னும் எண்ணிக்கையைக் கொண்டு துண்டாடுகிறது. கற்ற எழுத்துகளுள் ஆங்கிலமே மிகுதியாதலின், ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஓரிரு துண்டுகளாக நிற்க, தமிழ்ச்சொல் பல துண்டுகளாகச் சிதைகிறது. துண்டுகள் பெருகப் பெருகக் கணிப்பின் செலவும் கூடுகிறது.

இதனைச் சீர்செய்யக் கணிப்பொறித் துறையினர் மட்டும் போதார். பொறி தரும் தமிழில் எது மரபு, எது பிழை, எது ஆங்கிலத்தின் நிழல் என்று குறித்துத் தரவும், ஒளித்துவைத்துச் சோதிக்கத்தக்க நல்ல தமிழ்ச் சோதனைத் தொகுப்புகளை உருவாக்கவும் இலக்கணம் அறிந்தோர் வேண்டும். அவ்விடத்தில் அமரத் தமிழ்த்துறை மாணாக்கர் இப்பாடத்தின் அடிப்படையையேனும் அறிந்திருக்க வேண்டும். இன்றேல் பிறர் வகுத்த அளவுகோலிலேயே தமிழ் மதிப்பிடப்படும்.

இதற்கு வேண்டும் முன்பயிற்சி பலரும் அஞ்சுமளவு பெரிதன்று. மேனிலைப் பள்ளிக் கணக்கிலுள்ள நிகழ்தகவும் அணிகளும், பைத்தான் என்னும் நிரல்மொழியும் தொடக்கத்திற்குப் போதும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த தீபக் கெமானி 2013இல் ஆங்கிலத்தில் எழுதிய முதற்பாட நூல் உண்டு, என்.பி.டி.இ.எல். திட்டத்தின்வழி அவருடைய விரிவுரைகளும் காணொளியாகக் கிடைக்கின்றன. விரிவுரைக்கு முன், தாளும் எழுதுகோலும் கொண்டு ஆற்றுப்புதிரின் பத்து நிலைகளையும் வரைந்து பார்த்தல் நலம். ஏழு கடப்புகளில் முடியும் வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று மேலே தொடங்கிக் காட்டப்பட்டது. மற்றொன்று, ஆட்டுக்குப் பின் புலிக்கு மாறாகப் புல்லுக்கட்டை ஏற்றிச் செல்வது.